பச்சைத் தண்ணீரில் ரயில் ஓட்டுவேன் என்றவர்



நல்லது செய்து பேர் வாங்கியவர்களின் கதையைப் படித்தால் நமக்கு வழி தெரியும். ஊரை நம்ப வைத்து ஏமாற்றியவர்களின் கதையைப் படித்தால் விழி திறக்கும். இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது இரண்டாவது ரகம். ஆள் அமெரிக்காக்காரர். பெயர் ஜான் வொரெல் கீலி. அவர் இறந்து நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அவர் கதை மட்டும் இன்னும் பழசாகவில்லை. ஏன் என்பதை வாசித்து முடித்த பிறகு நீங்களே சொல்வீர்கள்.

கரியும் புகையும்

கீலி வாழ்ந்த காலத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது உலகத்தை ஓட்டியது நிலக்கரி. ரயிலுக்குக் கரி, கப்பலுக்குக் கரி, ஆலைக்குக் கரி. அந்தக் கரியை வெட்டி மேலே அனுப்பியவர்கள் நம்மைப் போன்ற கூலிக்காரர்கள்தான். கீலியின் மாநிலமான பென்சில்வேனியாவில் கரிச்சுரங்கங்கள் ஏராளம். 1869-ல் அங்கே ஏவண்டேல் என்ற சுரங்கத்தில் தீப்பிடித்து 110 பேர் வெளியே வர வழியில்லாமல் மாண்டு போனார்கள். கப்பலின் அடித்தட்டிலே நெருப்புக்கு முன்னால் நின்று கரி அள்ளிப் போட்டவர்களின் பாடும் லேசுப்பட்டதல்ல.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் வந்து, கரி வேண்டாம், நெருப்பு வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும், எந்திரம் ஓடும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசையை நாம் குறை சொல்ல மாட்டோம். நியாயமான ஆசை. ஆனால் அந்த நியாயமான ஆசையை வைத்துத்தான் கீலி பிழைத்தார்.

தச்சு வேலைக்காரர்

கீலி பிறந்தது 1837-ல், பிலடெல்பியா நகரத்தில். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தார். தாத்தா பாட்டி வளர்த்தார்கள். பெரிய படிப்பு ஒன்றும் கிடையாது. தச்சு வேலை பார்த்தார், சாயம் பூசினார், மெக்கானிக் வேலை செய்தார். நாடகக் கொட்டகையில் வாத்தியமும் வாசித்தார். திருவிழாக் கூடாரத்து வாசலில் நின்று ஆள் கூப்பிடும் வேலையும் பார்த்ததாகச் சொல்வார்கள். கைவேலையும் தெரியும், வாய்ப்பேச்சும் தெரியும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

1872-ல், தான் ஒரு புதிய சக்தியைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கீலி அறிவித்தார். தண்ணீருக்குள்ளும் காற்றுக்குள்ளும் ஒரு நுண்ணிய ஆவி அடைபட்டுக் கிடக்கிறதாம். சரியான அதிர்வைக் கொடுத்தால் அது கட்டவிழ்ந்து வெளியே வருமாம். நீராவியெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லையாம்.

1874 நவம்பரில் பிலடெல்பியாவில் ஒரு சிறு கூட்டத்துக்கு முன்னால் அதைச் செய்து காட்டினார். எந்திரத்தின் ஒரு குழாயில் அரை நிமிஷம் வாயால் ஊதினார். பிறகு அதே குழாயில் ஐந்து கேலன் குழாய்த் தண்ணீரை ஊற்றினார். அங்கே இங்கே சில திருகாணிகளைத் திருப்பினார். அளவுமானியின் முள் விர்ரென்று ஏறியது. சதுர அங்குலத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு அழுத்தம்! அந்தக் காலத்து ரயில் எஞ்சினில் இருநூறு பவுண்டைத் தொடுவதே அபூர்வம். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

கீலி அத்தோடு விடவில்லை. சுமார் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொண்டு பிலடெல்பியாவிலிருந்து நாட்டின் மறுகோடியில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோ வரை ரயிலை அனுப்பலாம் என்றார். ஒரு கேலன் தண்ணீர் இருந்தால் நியூயார்க்கிலிருந்து கப்பல் இங்கிலாந்து போய்த் திரும்பி வந்துவிடும் என்றார்.

கம்பெனி பிறந்தது

அப்புறம் என்ன? கீலி மோட்டார் கம்பெனி என்று ஒன்று உருவானது. வியாபாரிகளும் எஞ்சினியர்களும் வரிசை பிடித்துப் பங்கு வாங்கினார்கள். படித்தவர்கள், பணம் படைத்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஏமாறுவது படிக்காதவன் மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வருஷம் ஒன்று போனது, இரண்டு போனது, ஐந்து போனது. சந்தைக்கு ஒரு எந்திரம்கூட வரவில்லை. கேட்கும்போதெல்லாம் கீலியிடம் பதில் தயாராக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஆராய்ச்சி பாக்கி. இன்னும் ஒரு பாகம் சரியாக வரவில்லை. பழைய எந்திரத்தை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குவார். அதற்கு வாயில் நுழையாத ஒரு பேர் வைப்பார். சக்தியின் பேரும் அடிக்கடி மாறியது. ஒரு நாள் ஆவி, ஒரு நாள் ஈதர், பிறகு ஒத்த அதிர்வு. இசைக்கவையைத் தட்டுவார், வயலின் வாசிப்பார், எந்திரம் சுழலத் தொடங்கும். பார்க்கிறவர்களுக்குக் கோயிலில் நிற்பதுபோல் ஒரு பயபக்தி.

ரகசியம் என்ன என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பணம் போட்ட பங்குதாரர்களுக்கும் சொல்லவில்லை.

அறிவாளிகள் ஏன் சந்தேகப்பட்டார்கள்?

பொறாமையால் சந்தேகப்பட்டார்கள் என்று கீலியின் ஆட்கள் சொன்னார்கள். அப்படியல்ல. காரணம் இருந்தது.

எந்தச் சக்தியும் சும்மா வருவதில்லை. ஒன்று போட்டால்தான் ஒன்று எடுக்கலாம். கீலிக்கு ஒரு தலைமுறை முன்னாலேயே உலகம் கண்டுகொண்ட உண்மை இது. இதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் நம் பக்கத்துக் கடலுக்கு வந்து போனவர். யூலியுஸ் ராபர்ட் மயர் என்ற ஜெர்மன் டாக்டர். 1840-ல் டச்சுக் கப்பலில் வைத்தியராக ஜாவாவுக்கு வந்தார். சீக்குப் பிடித்த மாலுமிகளுக்கு அந்தக் கால வழக்கப்படி இரத்தக் குழாயைக் கீறி இரத்தம் எடுத்தார். அது குளிர் நாட்டில் பார்த்ததைவிட நல்ல சிவப்பாக இருந்தது. வெயில் நாட்டில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள உள்ளே அதிகம் எரிக்க வேண்டியதில்லை என்று யோசித்தார். தின்கிற சோறுதான் சூடாகவும் உழைப்பாகவும் மாறுகிறது என்ற முடிவுக்கு வந்தார். அதே காலத்தில் மான்செஸ்டரில் ஜூல் என்பவர், இவ்வளவு உழைப்புக்கு இவ்வளவு சூடு என்று அளந்தே காட்டிவிட்டார்.

இதை வைத்துத் தண்ணீரைப் பாருங்கள். ஹைட்ரஜன் என்ற வாயு எரிந்து முடிந்த பிறகு கிடைப்பதுதான் தண்ணீர். அடுப்பில் விறகு எரிந்து சாம்பலாகிற மாதிரி. சாம்பலை மறுபடி அடுப்பில் போட்டுச் சோறு ஆக்க முடியுமா? தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கலாம், உண்மைதான். ஆனால் பிரிப்பதற்குச் செலவாகும் சக்தி, பிறகு எரித்து எடுக்கும் சக்தியைவிடக் குறைவாக இருக்காது. இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கீலியிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: சக்தி எங்கேயிருந்து வருகிறது? எந்திரத்தைத் திறந்து காட்டுங்கள்.

கீலி திறக்கவில்லை.

விதவை அம்மாள் வந்தார்

1880 வாக்கில் பங்குதாரர்களின் பொறுமை போய்விட்டது. இனிமேல் காசு கிடையாது என்று கையை விரித்தார்கள். கீலியின் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கிளாரா புளூம்ஃபீல்ட் மூர் என்ற அம்மாள் அவருக்குக் கை கொடுத்தார். காகிதத் தொழிலில் பெரும் பணம் சேர்த்த ஒருவரின் விதவை. எழுத்தாளரும்கூட. அவர் கொடுத்தது ஒரு லட்சம் டாலருக்குக் குறையாது என்பார்கள். அப்போது அங்கே ஒரு கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளம் ஒன்றரை டாலர், மிஞ்சினால் இரண்டு டாலர். ஐம்பதாயிரம் நாள் கூலி ஒரே பட்டறைக்குள் போனது.

அந்த அம்மாளை நாம் முட்டாள் என்று சொல்லிவிடக் கூடாது. உலகத்துக்கு ஒரு பெரிய நன்மை வரப்போகிறது, அதைக் காப்பாற்றும் பொறுப்பு தன்மேல் விழுந்திருக்கிறது என்று மனசார நம்பினார். கீலியைப் பற்றி 1893-ல் ஒரு புத்தகமே எழுதினார். நல்ல மனசுக்காரர்களைத்தான் இந்த மாதிரி ஆட்கள் முதலில் தேடிப் பிடிக்கிறார்கள்.

பீரங்கியும் சிறையும்

1884-ல் நியூயார்க்குக்குப் பக்கத்தில் சாண்டி ஹூக் என்ற கடற்கரையில் ராணுவ அதிகாரிகள் முன்னால் கீலி ஒரு துப்பாக்கியை வெடித்துக் காட்டினார். வெடிமருந்து கிடையாது. தன்னுடைய புது ஆவியாலேயே குண்டு பறக்கிறது என்றார். குண்டு பறந்தது நிஜம். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகளுக்குச் சந்தேகம் தட்டியது. அழுத்தி அடைத்த காற்றைத் திறந்துவிட்டாலும் இதே மாதிரிதானே குண்டு போகும்?

இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

1888-ல் வழக்கு ஒன்று வந்தது. எந்திரத்தை நிபுணர்கள் பார்க்கட்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. கீலி கீழ்ப்படியவில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று சிறையில் போட்டார்கள். சில நாளில் வெளியே வந்தார். மறு வருஷம் மேல் நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது. இதனால் கீலியின் பேர் கெட்டுப் போயிருக்கும் என்று நினைப்பீர்கள். நடந்தது வேறு. ரகசியத்தைக் காப்பாற்றச் சிறைக்கே போனவர் என்று அவர் ஆட்கள் இன்னும் உயர்த்திப் பிடித்தார்கள்.

1890-களின் நடுவில் மூர் அம்மாளுக்கும் லேசாக மனசு இடித்தது. விவரம் தெரிந்த சிலரை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். எந்திரத்துக்குச் சக்தியைக் கொண்டு போவதாகக் கீலி சொன்ன மெல்லிய கம்பி, உள்ளே துளையுள்ள குழாயாக இருக்கலாம் என்று ஸ்காட் என்ற எஞ்சினியர் சந்தேகப்பட்டார். அந்தக் கம்பியை வெட்டிப் பார்த்தால் விஷயம் முடிந்துவிடும். கம்பிக்கு என்ன விலை? சில காசு. ஆனால் கீலி வெட்ட விடவில்லை.

அப்போதும் பெரிய இடத்துப் பணம் நிற்கவில்லை. ஜான் ஜேக்கப் ஆஸ்டர் என்ற கோடீஸ்வரரும் இதில் கை வைத்தார். 1912-ல் டைட்டானிக் கப்பலோடு மூழ்கிப்போன அதே ஆஸ்டர்தான்.

நிலவறையில் இருந்தது என்ன?

1898 நவம்பர் 18-ஆம் தேதி கீலி இறந்தார். வயது 61. ரகசியத்தை யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் ஆராய்ச்சி நடந்தது. ஒரு ரயில் ஓடவில்லை, ஒரு கப்பல் நகரவில்லை. பங்குதாரர்களுக்கு லாபம் என்று ஒரு காசு வரவில்லை. மூர் அம்மாளும் ஒன்றரை மாதத்தில், 1899 ஜனவரியில் கண்ணை மூடினார்.

அந்த அம்மாளின் மகன் கிளாரன்ஸ் மூர், மண்ணைத் தோண்டிப் பழங்காலப் பொருள்களை ஆராய்கிறவர். தாயின் பணம் போன வழி அவருக்கு ஆரம்பம் முதலே பிடிக்கவில்லை. கீலியின் பட்டறையை வாடகைக்கு எடுத்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர்களையும் எஞ்சினியர்களையும் பத்திரிகைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். பலகைத் தரையைப் பெயர்த்தார்கள். சுவரையும் மேல்தட்டையும் உடைத்துப் பார்த்தார்கள். மறைவான இடங்களில் குழாய்கள் ஓடின. நிலவறையைத் தோண்டியபோது பெரிய எஃகு உருண்டை ஒன்று கிடைத்தது. எடை 6,625 பவுண்டு, அதாவது மூன்று டன்.

அந்த உருண்டை எதற்கு? சைக்கிள் டயருக்குக் காற்று அடிப்பது உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக அடித்து உள்ளே அடைக்கிறோம். வால்வைத் திறந்தால் சீறிக்கொண்டு வருகிறது. அதே மாதிரி, ஆள் இல்லாத நேரத்தில் எஃகு உருண்டையில் காற்றை அடைத்து வைத்து, ஆள் கூடியதும் கம்பிபோன்ற மெல்லிய குழாய் வழியாக மேலே விட்டால் எந்திரம் ஆடும், முள் ஏறும், குண்டும் பறக்கும். சாண்டி ஹூக்கில் அதிகாரிகள் பட்ட சந்தேகம் இதுதான். போய்ப் பார்த்தவர்கள், இது மறைத்து வைத்த காற்றின் வேலை என்ற முடிவுக்கு வந்தார்கள். கீலியை விடாமல் நம்பிய சிலர் மட்டும், அந்த உருண்டை பழைய சாமான் என்று கடைசிவரை வாதாடினார்கள். சரி, எந்திரங்கள் இருந்தனவே? அவற்றை வைத்து யாராலும் ஒரு சக்கரத்தைக்கூடத் தண்ணீரால் ஓட்ட முடியவில்லை.

அதே வருஷம், இன்னொரு கொட்டகை

இத்தோடு நிறுத்தினால், புது சக்தி என்று யார் சொன்னாலும் பொய் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடும். அதுவும் தப்பு.

கீலி இறந்த அதே 1898 டிசம்பரில், பாரிஸ் நகரத்தில் மேரி கியூரியும் அவர் கணவர் பியேரும் ரேடியம் என்ற புதுப் பொருளை அறிவித்தார்கள். அவர்கள் வேலை செய்த இடம் ஒழுகுகிற ஒரு கொட்டகை. டன் கணக்கில் தாதுமண்ணைக் காய்ச்சிக் கிளறி வடித்து, 1902-ல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடிய உப்பை எடுத்தார்கள். 1903-ல் பியேர் கியூரி அளந்து பார்த்தபோது அதிசயம் தெரிந்தது. ரேடியம் ஒரு மணி நேரத்தில் தன் எடைக்கு மேற்பட்ட பனிக்கட்டியை உருக்கும் சூட்டை விடுகிறது. அடுத்த மணியும் அப்படியே, அதற்கடுத்த மணியும் அப்படியே. கரி இல்லை, நெருப்பு இல்லை.

கேட்டால் கீலி சொன்னது மாதிரியே இல்லையா? இதையும் அறிவாளிகள் சந்தேகப்பட்டார்கள். அப்போது கியூரி தம்பதியர் என்ன செய்தார்கள்? கதவைப் பூட்டவில்லை. எப்படி எடுப்பது என்பதை எழுதி வெளியிட்டார்கள். அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை. மற்ற நாட்டு ஆராய்ச்சிக்காரர்களும் அதே சூட்டைத் தங்கள் இடத்தில் அளந்தார்கள். சந்தேகம் தீர்ந்தது. சக்தி எங்கேயிருந்து வருகிறது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது. அணுவின் கரு உடையும்போது வருகிறது. 1954-ல் சோவியத் நாட்டின் ஒப்னின்ஸ்க் என்ற ஊரில் அணுசக்தியால் மின்சாரம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். அணுவால் வந்த கேடும் உலகத்துக்குத் தெரியும். ஆனால் அது பொய்யில்லை.

ஆக, உண்மையும் ஆரம்பத்தில் நம்ப முடியாத மாதிரிதான் இருக்கும். பொய்யும் அப்படித்தான் இருக்கும். வெளித்தோற்றத்தை வைத்துப் பிரிக்க முடியாது. திறந்து காட்டுகிறாரா இல்லையா என்பதில்தான் பிரியும்.

கீலிக்குப் பிறகும் இந்தக் கதை ஓயவில்லை. 1989 மார்ச்சில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இரண்டு ரசாயன விஞ்ஞானிகள், மேசைமேல் வைத்த கண்ணாடிக் குடுவையிலேயே அணுக்களைச் சேர்த்துச் சக்தி எடுத்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். உலகமே குதித்தது. பல நாட்டு ஆராய்ச்சிக்கூடங்கள் அதையே செய்து பார்த்தன. பெரும்பாலான இடங்களில் ஒன்றும் வரவில்லை. சில மாதங்களிலேயே உற்சாகம் அடங்கிவிட்டது. கீலிக்கு இருபத்தாறு வருஷம் கிடைத்தது, இவர்களுக்குச் சில மாதம்தான். மற்றவர்கள் செய்து பார்க்க முடிந்ததுதான் காரணம்.

2022 டிசம்பரில் கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆராய்ச்சிக்கூடத்தில் லேசர் ஒளியைப் பாய்ச்சி அணுக்களைச் சேர்த்தார்கள். உள்ளே பாய்ச்சிய ஒளி 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15 மெகாஜூல். உண்மையான வெற்றி. ஆனால் அந்த லேசரை ஓட்ட வாங்கிய மின்சாரம் சுமார் 300 மெகாஜூல் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. வீட்டு விளக்குக்கு அது வர இன்னும் வெகுதூரம் இருக்கிறது. நம்பிக்கை வைக்கிறோம், கணக்கையும் பார்க்கிறோம்.

நமக்கு என்ன?

நம்மிடம் யார் வந்து எந்திரக் கம்பெனியில் பங்கு வாங்கச் சொல்லப் போகிறார்கள் என்று சிரிக்காதீர்கள். எந்திரமாக வராது. வேறு வேஷத்தில் வரும். போட்ட பணம் மூன்று மாதத்தில் இரட்டிப்பாகும் என்று வரும். பெட்ரோல் செலவைப் பாதியாக்கும் குப்பி என்று வரும். மோட்டார் சைக்கிளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நம் சொந்தக்காரர் ஒருவரையே முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வரும்.

அப்போது மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது, திறந்து காட்டுவீர்களா? உங்களைத் தவிர வேறு யாராவது இதைச் செய்து காட்டியிருக்கிறார்களா? எவ்வளவு போட்டால் எவ்வளவு வருகிறது, அது எங்கேயிருந்து வருகிறது?

மூன்றாவது கேள்வி பால்மரம் வெட்டியவர்களுக்குப் புதிதல்ல. பால் நிறுக்கிற இடத்தில் வாளியின் எடையை மட்டும் பார்த்து யாரும் சம்பளம் போட்டதில்லை. அதில் தண்ணீர் எவ்வளவு, காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று சோதித்துத்தான் கணக்கு எழுதினார்கள். நம் பாலையே அப்படிச் சோதித்தார்கள் என்றால், நம் காசைக் கேட்டு வருகிறவன் பேச்சை நாம் சோதிக்கக் கூடாதா?

கேட்டதும் அவர் கோபப்பட்டால், இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்றால், எல்லாம் ரகசியம் என்றால், உங்கள் காசு உங்கள் மடியிலேயே இருக்கட்டும். உண்மையான ஆளாக இருந்தால் நம் கேள்வி அவரை ஒன்றும் செய்யாது. கியூரி அம்மையார் யார் கேள்விக்கும் பயந்ததில்லை.

உங்கள் பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கரியும் எண்ணெயும் இல்லாமல் உலகத்தை ஓட்டும் வழியை நாளைக்கு நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவரே கண்டுபிடிக்கலாம். அப்படிக் கண்டுபிடித்தால், முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து ஊருக்குக் காட்டச் சொல்லுங்கள்.